லாக்கருக்கு இரண்டு சாவி

பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டி செல் பாடத்தில் சிடி3, சிடி4, சிடி8, சிடி28 என்று எண்களாகவே வருகின்றன. எதற்கு என்ன வேலை என்று மனதில் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு செல்லின் மேல் இத்தனை புரதங்கள் எதற்கு?
– மாணவி, அரும்பாக்கம்

எண்ணோடு மல்லுக்கட்டாதே கண்ணு. 29சி என்று பஸ்ஸில் எழுதியிருப்பதில் பெரம்பூரும் கிடையாது, பெசன்ட் நகரும் கிடையாது. நாலு முறை ஏறி இறங்கியவருக்கு அது தானாக மனதில் உட்கார்ந்துவிடுகிறது. சிடி எண்களும் அப்படித்தான். 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரே வார்ப்பான ஆன்டிபாடிகளை (குறிப்பிட்ட ஒன்றில் மட்டும் போய் ஒட்டும் புரதங்களை) வேண்டிய அளவு செய்துகொள்ளும் வழியைக் கண்டுபிடித்தார்கள். உடனே ஊர் ஊராக ஆய்வகங்கள் வெள்ளணுக்களின் மேல் ஒட்டும் ஆன்டிபாடிகளைச் செய்து குவித்தன. ஒரே புரதத்துக்கு ஆளுக்கொரு பெயர். குழப்பம் தாங்காமல் 1982இல் பாரிஸில் கூடி, ஒரே புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடிகளை ஒரு கட்டாகக் கட்டி எண் கொடுத்தார்கள். அந்த எண் வரிசையைச் சொல்லும், வேலையைச் சொல்லாது.

அதனால் எண்ணைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு டி செல்லின், அதாவது நோயை எதிர்க்கும் அந்த வெள்ளணுவின், பக்கத்தில் போய் நின்றுகொள். தொண்டை வலி வந்தால் பாட்டிமார் தாடைக்குக் கீழே தடவிப் பார்த்து "நெறி கட்டியிருக்கு" என்பார்கள் இல்லையா, அந்த நெறிதான் இடம். தொண்டையில் கிருமியை விழுங்கிய டென்ட்ரிடிக் செல் ஒன்று அங்கே வந்து சேர்கிறது. கிருமியின் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, எம்எச்சி என்ற தட்டில் ஒவ்வொரு துண்டாக வைத்து வெளியே நீட்டுகிறது. டி செல்கள் ஒவ்வொன்றாக வந்து உரசிப் பார்க்கின்றன. எல்எஃப்ஏ-1 என்ற புரதம் இரண்டு செல்களையும் லேசாக ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. பிடி இல்லாவிட்டால் படிக்க நேரமே கிடைக்காது. தட்டில் இருக்கும் துண்டைப் படிப்பது டி செல் ரிசெப்டர், அதாவது டிசிஆர். ஆனால் அதன் வால் மிகக் குட்டை. வெளியே படித்ததை உள்ளே சொல்ல அதற்கு வாய் கிடையாது. பக்கத்திலேயே நிற்கும் சிடி3தான் செய்தியை உள்ளே கொண்டுபோகிறது. தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வது சிடி4 அல்லது சிடி8. தட்டில் இரண்டு வகை உண்டு. முதல் வகையை சிடி8 பிடிக்கும், இரண்டாம் வகையை சிடி4 பிடிக்கும். உதவிக்கு ஆள் கூப்பிடும் டி செல்களில் சிடி4 இருக்கிறது, நோய் தொற்றிய செல்லைக் கொல்லும் டி செல்களில் சிடி8 இருக்கிறது. இப்படிப் பக்கத்தில் நின்று பார்த்தால் எண் தானாக ஒட்டிக்கொள்ளும்.

நான் 1998இலிருந்து ஓய்வு பெறும் வரை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஃப்ளோ சைட்டோமீட்டரோடு வாழ்ந்தவள். காலையில் ஊதா மூடி போட்ட குழாய்கள் வரிசையாக வரும். சிடி4இல் ஒட்டும் ஆன்டிபாடியோடு ஒரு நிறத்தைச் சேர்த்து ரத்தத்தில் கலப்போம். லேசர் ஒளியை ஒவ்வொரு செல்லாகக் கடக்கும்போது அந்த நிறம் மின்னும். ஒரு மைக்ரோலிட்டரில் எத்தனை மின்னல் என்பதுதான் சிடி4 கணக்கு. ஆரோக்கியமானவருக்குப் பொதுவாக 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே போனால் உடல் நிராயுதபாணி. எச்ஐவி வைரஸ் டி செல்லுக்குள் நுழைய முதலில் பற்றிக்கொள்வது இந்த சிடி4 புரதத்தைத்தான். இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று முதன்முதலில் கண்டறிந்தது நம் ஊரில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். அந்த இரண்டு பெண்களை நினைக்காமல் நான் ஒருநாளும் மெஷினை ஆன் செய்ததில்லை. உன் பாடப்புத்தகத்தில் சிடி4 வரும் பக்கத்தில் அவர்கள் பெயரையும் எழுதி வைத்துக்கொள்.

சிடி28ஐ வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அடுத்த கடிதத்துக்கு அதுதான் பதில்.

எங்கள் வீட்டில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி, கஷாயம், மாத்திரை எல்லாம் கலந்து தினமும் ஐந்து வகை சாப்பிடுகிறோம். எவ்வளவு கூட்டினாலும் நல்லதுதானே?
– வாசகர், குரோம்பேட்டை

சுக்கு, மிளகு கஷாயத்தை ருசிக்குக் குடியுங்கள், நானும் குடிக்கிறேன். ஆனால் "எவ்வளவு கூட்டினாலும் நல்லது" என்ற நினைப்பைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம் உடல் தன் டி செல்களை எழுப்புவதற்கு எவ்வளவு தயங்குகிறது என்று தெரிந்தால் நீங்களே விட்டுவிடுவீர்கள்.

என் மாமியாரின் நகைகள் மயிலாப்பூரில் ஒரு வங்கி லாக்கரில் இருந்தன. அதிகாரி முதலில் வங்கியின் சாவியைப் போட்டுத் திருப்புவார். அப்புறம் நம் சாவியைப் போட்டால்தான் கதவு திறக்கும். நம் சாவி மட்டும் கையில் இருந்தால் நாள் முழுக்கத் திருகினாலும் பயனில்லை. டி செல்லும் அதே மாதிரிதான். தட்டில் இருக்கும் துண்டை டிசிஆர் சரியாகப் படித்துவிட்டது என்பது முதல் சாவி, அது நம் சாவி மாதிரி. இரண்டாவது சாவி டி செல்லின் மேல் இருக்கும் சிடி28இல் விழ வேண்டும். அதைத் திருப்புவது டென்ட்ரிடிக் செல்லின் மேல் இருக்கும் பி7 என்ற புரதம், அதுதான் வங்கிச் சாவி.

ஏன் இந்த ஏற்பாடு? தட்டில் கிருமியின் துண்டு மட்டும் வருவதில்லை, நம் சொந்தப் புரதத்தின் துண்டுகளும் எப்போதும் வந்துகொண்டே இருக்கின்றன. சொந்த உடலையே அடையாளம் காணும் டி செல்களை மார்புக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி முன்கூட்டியே வடிகட்டுகிறது. எந்த வடிகட்டியிலும் கொஞ்சம் தப்பித்து வரும். அப்படித் தப்பிய ஒன்று நம் மூட்டுகளையோ கணையத்தையோ பார்த்து "இதுதான் எதிரி" என்று நினைத்துக்கொண்டால்? அந்த இடத்தில்தான் இரண்டாம் சாவி காப்பாற்றுகிறது. கிருமியின் வாடை உண்மையிலேயே பட்டால்தான் டென்ட்ரிடிக் செல் பி7ஐ நிறைய வெளியே நீட்டும். வாடை இல்லை என்றால் வங்கிச் சாவி வராது. முதல் சாவி மட்டும் விழுந்த டி செல் சும்மா திரும்பிப் போய்விடுவதும் இல்லை. அது ஊமையாகிவிடுகிறது, பிறகு கூப்பிட்டாலும் எழுந்திருக்காது. உடலின் இந்த எச்சரிக்கையைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

முதல் சாவி இல்லாமலேயே இரண்டாம் சாவியை முழுக்கத் திருப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2006 மார்ச் 13, லண்டனில் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். டிஜிஎன்1412 என்ற புதிய மருந்தை மனிதர்களுக்கு முதல்முறையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அது சிடி28ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி. டிசிஆர் ஒன்றையும் படிக்காமலேயே டி செல்லை எழுப்பிவிடும்படி அமைந்தது. ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஏற்றினார்கள். கொடுத்த அளவு, குரங்குகள் தாங்கிய அளவில் 500இல் ஒரு பங்கு. ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவு. ஆறு பேருமே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். சிறுநீரகமும் நுரையீரலும் தடுமாறின. ஆறு பேரும் பிழைத்தார்கள், ஆனால் ஒருவர் கால்விரல்களையும் கைவிரல்களின் நுனிகளையும் இழந்தார்.

குரங்கில் ஏன் தெரியவில்லை? சோதித்த குரங்கு இனத்தில், பழைய தொற்றுகளை நினைவு வைத்திருக்கும் டி செல்களில் ஒரு வகை தன் சிடி28ஐ உதிர்த்துவிடுகிறது. மனிதனில் அதே வகை சிடி28ஐ வைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு மேற்பரப்புப் புரதம், இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம். அதற்குப் பிறகு புதிய மருந்தை முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துக் காத்திருந்து பார்ப்பது என்ற ஒழுங்கு வலுப்பெற்றது.

உங்கள் ஐந்து பொடிகள் இதைச் செய்யப்போவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் தைராய்டு, முடக்குவாதம், லூபஸ் மாதிரி உடலே தன்னைத் தாக்கிக்கொள்ளும் நோய் வீட்டில் யாருக்காவது இருந்தால், என்னென்ன பொடி சாப்பிடுகிறார்கள் என்பதை டாக்டரிடம் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்தப் பணத்தில் விட்டுப்போன தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. தடுப்பூசி இரண்டு சாவியையும் முறையாகப் போடுகிறது.

அப்பாவுக்கு 61 வயது. வாயில் புற்றுநோய், அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வந்துவிட்டது. டாக்டர் இம்யூனோதெரபி ஊசி பற்றிச் சொன்னார். "பிரேக்கை எடுத்துவிடும் மருந்து" என்றார். எந்த பிரேக்? செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பயமாகவும் இருக்கிறது.
– மகள், பெரம்பூர்

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன் அம்மா. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எழுந்த டி செல் எழுந்தபடியே இருந்தால் ஆபத்து. அதனால் அது தன் மேற்பரப்பிலேயே பிரேக்குகளையும் முளைக்கவிடுகிறது. முதல் பிரேக் சிடிஎல்ஏ-4. பார்வைக்கு சிடி28க்கு உடன்பிறப்பு மாதிரி. அதே பி7ஐத்தான் பிடிக்கும், ஆனால் பல மடங்கு இறுக்கமாக. பிடித்ததோடு நிற்காமல் எதிர் செல்லின் மேலிருந்து பி7ஐப் பிய்த்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளவும் செய்கிறது. வங்கியின் சாவியையே பிடுங்கிக்கொள்வதற்குச் சமம். இந்தப் புரதம் இல்லாமல் பிறக்கச் செய்த எலிகள் மூன்று, நான்கு வாரங்களில் இறந்துபோயின. அவற்றின் உறுப்புகள் முழுக்க டி செல்கள் வெள்ளமாக நிறைந்திருந்தன. 1995இல் இது தெரியவந்தது. அதுவரை சிடிஎல்ஏ-4ம் டி செல்லைத் தூண்டும் புரதம்தான் என்று பலர் நினைத்திருந்தார்கள்.

உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருப்பது பெரும்பாலும் இரண்டாவது பிரேக்காகிய பிடி-1 தொடர்பான மருந்தாக இருக்கும். 1992இல் ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் குழு கண்டுபிடித்தது. செல் தானாகச் சாவதோடு தொடர்புடையது என்று அப்போது எண்ணியதால் 'புரோகிராம்ட் டெத்' என்று பெயரிலேயே 'டெத்' சேர்ந்துவிட்டது, அதன் சுருக்கம்தான் பிடி. (அரும்பாக்கம் மாணவி கவனிக்க. பெயரும் எண் மாதிரியே நம்மை ஏமாற்றும்.) அதன் உண்மையான வேலை, களத்தில் இறங்கிய டி செல்லை "போதும், அடங்கு" என்று நிறுத்துவது. நம் திசுக்கள் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி பிடி-1ஐத் தொடும்போது, டி செல்லுக்குள் சிடி28 கொடுத்துக்கொண்டிருந்த உந்துதல் அணைகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல புற்றுநோய்கள் இதைக் கற்றுக்கொண்டுவிட்டன. அவையும் பிடி-எல்1ஐ நீட்டுகின்றன. டி செல் கட்டி வரைக்கும் வந்து, எதிரியை அடையாளமும் கண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

மருந்து டி செல்லைத் தூண்டுவதில்லை. பிடி-1 மேல் ஒட்டிக்கொண்டு அந்தத் தொடுகையை மறைக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே வந்து நிற்கும் டி செல்லின் கட்டு அவிழ்கிறது. சிடிஎல்ஏ-4க்கு இதே யோசனையை எலிகளில் செய்து காட்டிய ஜேம்ஸ் அலிசனும், ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். எல்லாருக்கும் இந்த மருந்து வேலை செய்யாது. டாக்டர் கட்டியில் பிடி-எல்1 சோதனை செய்யச் சொன்னால் அது வீண் செலவு இல்லை.

செலவு பற்றி ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், உங்கள் அப்பா மாதிரி தலை, கழுத்துப் புற்று முற்றியவர்கள் 151 பேரிடம் ஓர் ஆய்வு செய்து 2022இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு வாய்வழி மருந்துகள் மட்டும். மீதிப் பேருக்கு அதோடு நிவோலுமாப் என்ற பிடி-1 மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 100க்கு 16 பேர், சிறிய அளவு மருந்து சேர்த்த பிரிவில் 100க்கு 43 பேர். நம் நாட்டு டாக்டர்கள், நம் நாட்டு நோயாளிகளின் பர்ஸை மனதில் வைத்துக் கேட்ட கேள்வி அது. உங்கள் டாக்டரிடம் "குறைந்த அளவு நிவோலுமாப் அப்பாவுக்குப் பொருந்துமா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். தயங்கவே வேண்டாம்.

இனி பயத்துக்கு வருகிறேன். பிரேக் கட்டியில் மட்டும் கழலுவதில்லை, உடல் முழுக்கக் கழலுகிறது. அதனால் டி செல்கள் குடலை, தைராய்டை, நுரையீரலை, கல்லீரலை, தோலைத் தாக்கலாம். என் அண்ணனுக்கு நுரையீரல் புற்றுக்கு இந்த வகை மருந்து கொடுத்தார்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு வயிற்றுப்போக்கு. முந்தைய நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டிருந்தார், அதனால்தான் என்று எல்லாரும் நினைத்தோம். அண்ணி மருத்துவமனைக்குப் போன் செய்தபோது, எடுத்தவர் "சாப்பாடு ஒத்துக்காம இருக்கும், மோர் குடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நான்கு நாள் மோரும் உப்புச் சர்க்கரைத் தண்ணீருமாக ஓட்டினோம். ஐந்தாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. குடலில் டி செல்கள் புகுந்திருந்தன. ஸ்டீராய்டு கொடுத்ததும் இரண்டு வாரத்தில் சரியானது. இத்தனை வருஷம் டி செல்லை எண்ணிய எனக்கே அந்த நான்கு நாளும் உறைக்கவில்லை என்பது இன்றும் வலிக்கிறது.

ஆகவே, ஊசி தொடங்கினால் ஒரு அட்டையில் மருந்தின் பெயரை எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். வயிற்றுப்போக்கு, புதிதாக வரும் வறட்டு இருமல், மூச்சு வாங்குவது, கண் மஞ்சள், விடாத அசதி, தோல் தடிப்பு – எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். போனில் பேசினால் முதல் வாக்கியமே "இம்யூனோதெரபி ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்" என்று இருக்கட்டும். ஊசியை நிறுத்தி மாதங்கள் ஆன பிறகும் இது வரலாம். சீக்கிரம் கண்டால் பெரும்பாலும் அடக்கிவிடலாம்.

அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

எனக்கு முடக்குவாதம். அபாட்டாசெப்ட் என்ற ஊசியை டாக்டர் பரிந்துரைத்தார். இணையத்தில் பார்த்தால் சிடிஎல்ஏ-4 என்று வருகிறது, புற்றுநோய் மருந்துகளிலும் அதே பெயர் வருகிறது. எனக்குப் புற்றுநோய் மருந்தா கொடுக்கிறார்கள்?
– வாசகி, மேற்கு மாம்பலம்

இல்லை அம்மா, நேர் எதிரானது. புற்றுநோயில் சிடிஎல்ஏ-4ஐ மருந்தால் மூடுகிறார்கள். உங்களுக்கு அந்த சிடிஎல்ஏ-4இன் வெளிப்பகுதியையே மருந்தாகச் செய்து ஏற்றுகிறார்கள். அது ரத்தத்தில் மிதந்து போய் பி7ஐப் பொத்திக்கொள்கிறது. வங்கிச் சாவி கிடைக்காததால் உங்கள் மூட்டைத் தாக்கும் டி செல்கள் புதிதாக எழுவது குறைகிறது. 2005இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. தொடங்குமுன் காசநோய்க்கும் மஞ்சள் காமாலை பி வகைக்கும் சோதனை செய்வார்கள். செய்யச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

'கார்-டி' சிகிச்சை இந்தியாவிலேயே வந்துவிட்டதாமே?
– வாசகர், வேளச்சேரி

ஆமாம். ஐஐடி மும்பையிலும் டாடா நினைவு மருத்துவமனையிலும் உருவான நெக்ஸ்கார்19க்கு 2023இல் அனுமதி கிடைத்தது. சில வகை ரத்தப் புற்றுகளுக்கு. நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, அந்தப் புற்றுச் செல்களின் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தை அடையாளம் காணும் செயற்கை ரிசெப்டரை அவற்றின் மேல் பொருத்தித் திரும்ப ஏற்றுகிறார்கள். அந்த ரிசெப்டரின் உள்வால் இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்று சிடி3யின் பகுதி, இன்னொன்று சிடி28 மாதிரி உடன்தூண்டும் புரதத்தின் பகுதி. இரண்டு சாவியையும் ஒரே கொத்தில் கோத்துக் கொடுத்துவிட்டார்கள். சிடி3 பகுதியை மட்டும் வைத்துச் செய்த முதல் தலைமுறை கார்-டி செல்கள் நோயாளிகளிடம் நீடித்து வேலை செய்யவில்லை.

என் பையனுக்குக் கையில் ஊசி போட்டு, காசநோய்ச் சோதனை என்றார்கள். இரண்டு நாள் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனை மாதிரி அன்றைக்கே ஏன் சொல்ல முடியாது?
– தாய், சேத்துப்பட்டு

ஏனென்றால் அங்கே டி செல்கள் நடந்து வந்து சேர வேண்டும். ஊசியில் இருப்பது காசநோய்க் கிருமியின் புரதங்கள், உயிருள்ள கிருமி அல்ல. பையனின் உடல் முன்பே அந்தக் கிருமியைச் சந்தித்திருந்தால், அதை நினைவில் வைத்திருக்கும் சிடி4 டி செல்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அவை தோலுக்கு வந்து, தட்டில் இருப்பதைப் படித்து, மற்ற செல்களைக் கூப்பிட்டு, அந்த இடம் தடித்துக் கெட்டியாக 48இலிருந்து 72 மணி நேரம் ஆகும். பிறந்தபோது போட்ட பிசிஜி ஊசியாலும் கொஞ்சம் தடிக்கலாம், பார்ப்பவர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

சிவந்திருப்பதை அளக்க மாட்டார்கள், தொட்டால் கெட்டியாக இருக்கும் அகலத்தைத்தான் அளப்பார்கள். அதனால் அந்த இடத்தைச் சொறியவோ மருந்து தடவவோ விடாதீர்கள். மூன்று நாளைத் தாண்டிப் போனால் அளவு சரியாக வராது, மறுபடியும் ஊசி போட வேண்டியிருக்கும். பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லியாவது அழைத்துப் போய்விடுங்கள்.